ஜெனீவாவுக்குப் போகும் வழியில் கிண்டி: வெளிநாட்டில் டிரேட்மார்க் பதிய எந்த வழி?

"ஏனுங்க, ஒரே ஒரு அப்ளிகேஷன் போட்டா உலகம் பூரா நம்ம பேரு நமக்கே சொந்தமாயிருமாமே, நிஜங்களா?"

கோவை கணபதியில் வெட் கிரைண்டர் செய்யும் நண்பர் கேட்ட கேள்வி இது. சும்மா கேட்கவில்லை. ஆறு வருடமாக அவரிடம் சரக்கு எடுக்கும் மலேசிய டீலர், கிரைண்டரின் பெயரை அங்கே தன் சொந்தப் பெயரில் பதிவுக்குக் கொடுத்திருந்தார். கேட்டதற்கு, "வேற எவனும் பதிஞ்சுரக் கூடாதுன்னுதான் அண்ணா" என்று விளக்கம் வேறு. நண்பருக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் யாரோ மாட்ரிட் என்று ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேராக என்னிடம் வந்துவிட்டார்.

நான் வக்கீல் இல்லை. சிறு தொழிற்சாலைகளுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்று ஏற்றுமதிக் காகிதங்கள் பார்த்துக் கொடுப்பவன். ஆனால் இந்தக் கேள்வி என் மேசைக்கு அடிக்கடி வருகிறது. இந்த முறை முழுதாக உட்கார்ந்து ஒவ்வொரு வழியையும் அவருடைய கணக்கில் வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவர் நிலைமை. அவரிடம் இரண்டு பெயர்கள். ஒன்று, அகராதியில் இல்லாத, அவரே உண்டாக்கிய ஒரு சொல். ஆங்கில எழுத்தில் இருக்கும். டில்டிங் கிரைண்டர்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் போகின்றன. இந்தியாவில் இயந்திரங்களுக்கான 7ஆம் வகுப்பில் பதிவு இருக்கிறது. இரண்டாவது, சிறிய டேபிள் டாப் மாடலுக்கு ஒட்டும் லேபிள். ஒரு சாமி பெயர், தமிழ் எழுத்தில், பக்கத்தில் வேல் படம். அதற்கு விண்ணப்பம் மட்டும் போட்டு, ஒருவர் ஆட்சேபணை கொடுத்து, அப்படியே நிற்கிறது. சரக்கு போகும் இடங்கள் சிங்கப்பூர், மலேசியா, துபாய். அமெரிக்காவுக்கு 110 வோல்ட் மோட்டார் வைத்து ஓர் இறக்குமதியாளருக்கு அனுப்புகிறார். டொராண்டோவில் புதிதாக ஒரு கடை. கொழும்புக்குக் கொஞ்சம். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் விசாரணை மட்டும் வந்திருக்கிறது.

உலகம் முழுவதற்குமான டிரேட்மார்க் என்று ஒன்று கிடையாது. கோவையில் பதிந்த பெயருக்குக் கோலாலம்பூரில் தானாக எந்த உரிமையும் வராது. ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி, தன் எல்லைக்குள் மட்டும் உரிமை தரும். 1883இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தபோதே நாடுகள் இந்த அடிப்படையைத் தொடவில்லை. அதற்குப் பதில் இரண்டு வசதிகளைச் செய்துகொண்டன. உன் நாட்டு ஆளுக்குத் தரும் அதே உரிமையை என் நாட்டு ஆளுக்கும் தா என்பது ஒன்று. சொந்த நாட்டில் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் வேறு உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால், அங்கேயும் முதல் நாளே விண்ணப்பித்ததாகக் கணக்கு என்பது இன்னொன்று. காப்புரிமைக்கு இந்த அவகாசம் 12 மாதம். இந்தியா இதில் சேர்ந்தது 1998 டிசம்பர் 7இல்தான்.

இந்த 6 மாதத்தை நம் ஊர்க்காரர்கள் வீணடிப்பது போல வேறு யாரும் வீணடிப்பார்களா தெரியவில்லை. ஜனவரியில் இந்தியாவில் விண்ணப்பம் போடுகிறீர்கள். ஏப்ரலில் பொருட்காட்சியில் கிரைண்டரைப் பார்த்த ஒருவர் மே மாதம் தன் நாட்டில் அந்தப் பெயரைப் பதியக் கொடுக்கிறார். ஜூனில் நீங்கள் அங்கே விண்ணப்பித்து முன்னுரிமை கோரினால் அவர் பின்னால் போய்விடுவார். ஆகஸ்டில் விண்ணப்பித்தால் நீங்கள் பின்னால் போய்விடுவீர்கள். நண்பருடைய பழைய பெயருக்கு அந்த அவகாசம் எப்போதோ முடிந்துவிட்டது. அடுத்த மாடலுக்குப் பெயர் வைக்கும்போதாவது காலண்டரில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நாடு நாடாகப் போவது

பழைய வழி. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வக்கீலைப் பிடித்து, அந்த நாட்டுப் படிவத்தில், அந்த நாட்டு முறைப்படி விண்ணப்பிப்பது. செலவு அதிகம் என்று எல்லோரும் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இதில் இரண்டு பலம் இருக்கிறது. அந்தப் பதிவு தன் காலில் நிற்கும். இந்தியாவில் உங்கள் பதிவு கவிழ்ந்தாலும் சிங்கப்பூர்ப் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், விண்ணப்பத்தை எழுதும்போதே அந்த ஊர் நெளிவுசுளிவு தெரிந்த ஆள் பொருள் விவரத்தை எழுதுவார். நம்மவர்கள் இந்தியாவில் "எல்லா வகை இயந்திரங்களும், உதிரி பாகங்களும்" என்று ஒரே வரியில் எழுதி வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் அது செல்லாது. என்ன இயந்திரம், எதற்கு, மின்சாரத்தில் ஓடுவதா என்று பிரித்துக் கேட்பார்கள்.

பலவீனம், பணமும் தலைவலியும். ஆறு நாடு என்றால் ஆறு வக்கீல், ஆறு பில், ஆறு புதுப்பிப்புத் தேதி. முகவரி மாறினால் ஆறு இடத்தில் மாற்ற வேண்டும். கணக்கு எழுதவே ஒரு ஆள் போட்டிருக்கும் கம்பெனிக்குத் தேதிகளை நினைவில் வைத்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டியிருக்கும்.

மாட்ரிட் வழி

நண்பர் கேள்விப்பட்ட "ஒரே அப்ளிகேஷன்" இதுதான். 1891இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் தொடங்கியது. அது நூறு வருடம் பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளின் சங்கமாகவே இருந்தது. சொந்த நாட்டில் பதிவே முடிந்திருக்க வேண்டும், விண்ணப்பம் பிரெஞ்சில்தான் என்றெல்லாம் கட்டுப்பாடு; அமெரிக்கா போன்ற நாடுகள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1989இல் மாட்ரிட் நெறிமுறை என்று இன்னொன்றை எழுதி இவற்றைத் தளர்த்தினார்கள். விண்ணப்ப நிலையில் இருந்தாலே போதும், ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று ஆனது. பிறகு கூட்டம் சேர்ந்தது. சிங்கப்பூர் 2000, அமெரிக்கா 2003, இந்தியா 2013 ஜூலை 8, கனடாவும் மலேசியாவும் 2019, ஐக்கிய அரபு அமீரகம் 2021. இப்போது 110க்கு மேல் உறுப்பினர்கள்.

நடைமுறை எளிதுதான். உங்கள் இந்திய விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாக வைத்து, இந்திய டிரேட்மார்க் அலுவலகத்தின் வழியாக ஆன்லைனில் விண்ணப்பிக்கிறீர்கள். இந்திய அலுவலகம் இரண்டையும் ஒப்பிட்டுச் சரி என்று சான்று கொடுத்து ஜெனீவாவில் இருக்கும் வைப்போவுக்கு, அதாவது உலக அறிவுசார் சொத்து நிறுவனத்துக்கு, அனுப்பும். வைப்போ காகிதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்றி, நீங்கள் டிக் அடித்த நாடுகளுக்கு அனுப்பும். அதற்குமேல் முடிவு அந்தந்த நாட்டின் கையில். சர்வதேசப் பதிவு எண் என்று ஒரு சான்றிதழ் ஜெனீவாவிலிருந்து வரும். அதை பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, உலகமே கையில் வந்துவிட்டது என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் டிக் அடித்த ஒரு நாடும் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஆனாலும் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஒவ்வொரு நாட்டுக்கும் கெடு இருக்கிறது: 12 மாதம், சில நாடுகளுக்கு 18 மாதம். அதற்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்றதாகப் பொருள். நேரடியாக விண்ணப்பித்தால் இந்தக் கெடு இல்லை; அவர்கள் எடுக்கிற நேரம்தான் நேரம்.

செலவை எல்லோரும் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க். சின்னம் வண்ணத்தில் இருந்தால் 903. அதற்கு மேல் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம். இந்திய அலுவலகத்துக்குக் கையாளும் கட்டணம் 5,000 ரூபாய். பிராங்க் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதால் 653 என்பதே ஒரு நல்ல மாதச் சம்பளம். இதைப் பார்த்துவிட்டுச் சிலர் "இதுக்கு நேராவே போயிரலாம்" என்கிறார்கள். நாட்டுக்கான அரசுக் கட்டணம் எந்த வழியில் போனாலும் உண்டு. ஆகவே 653 பிராங்கை ஒப்பிட வேண்டியது ஒவ்வொரு நாட்டிலும் விண்ணப்பம் போட வக்கீல் வாங்கும் கட்டணத்தோடு. மாட்ரிட்டில் மறுப்பு வராத வரை உள்ளூர் வக்கீல் தேவையில்லை. என் கணக்கில் ஒன்று, இரண்டு நாடு என்றால் நேரடியாகப் போவது மலிவு; மூன்றில் ஏறக்குறைய சமம்; நான்குக்கு மேல் மாட்ரிட் தெளிவாக மிச்சம். ஆனால் மறுப்பு வந்த ஒவ்வொரு நாட்டிலும் வக்கீலைப் பிடித்தாக வேண்டும். நான்கு நாட்டிலும் மறுப்பு வந்தால் இரண்டு செலவும் உங்கள் தலையில்.

பத்து வருடத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் புதுப்பிக்கலாம். பெயர், முகவரி மாற்றத்தை ஒரே படிவத்தில் முடிக்கலாம். பிறகு வேறு நாடு வேண்டுமென்றால் 300 பிராங்க் அடிப்படைக் கட்டணமும் அந்த நாட்டுக் கட்டணமும் கட்டிச் சேர்க்கலாம். நண்பருக்கு இந்தக் கடைசி வசதி ரொம்பப் பிடித்துவிட்டது. "அப்ப லண்டனை அப்புறம் சேத்திக்கலாம்" என்றார். சேர்க்கலாம். ஆனால் லண்டனுக்குத் தேதி சேர்க்கும் நாளிலிருந்துதான்; இடையில் அங்கே யாராவது பதிந்திருந்தால் அவர்தான் முன்னால்.

அந்த ஐந்து வருடம்

மாட்ரிட்டின் கழுத்தில் ஒரு கயிறு இருக்கிறது. சர்வதேசப் பதிவு நாளிலிருந்து 5 வருடத்துக்கு அது உங்கள் இந்தியப் பதிவைச் சார்ந்தே நிற்கும். அதற்குள் இந்திய விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ, பதிவு ரத்தானாலோ, நீங்களே கைவிட்டாலோ, புதுப்பிக்க மறந்து காலாவதியானாலோ, எல்லா நாட்டிலும் சேர்ந்து விழும். பாதிப் பொருளுக்கு மட்டும் இந்தியாவில் போனால், வெளிநாடுகளிலும் அந்தப் பாதி போகும். சிங்கப்பூரில் உங்களை வெல்ல முடியாத போட்டியாளர் சிங்கப்பூர் போக வேண்டியதில்லை. சென்னையில் ஒரு மனு போட்டால் போதும்.

இதில் இந்தியாவுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. இங்கே விண்ணப்பம் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியான பிறகு 4 மாதம் வரை யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபணை வந்தால் அது வருடக்கணக்கில் இழுக்கும். ஐந்து வருடத்துக்குள் தொடங்கிய ஆட்சேபணை ஆறாம் வருடத்தில் முடிந்து நீங்கள் தோற்றாலும் சர்வதேசப் பதிவு விழும். ஆக, விண்ணப்ப நிலையிலேயே மாட்ரிட் போகலாம் என்ற 1989 சலுகை நமக்குப் பல நேரங்களில் தூண்டில் புழுதான்.

விழுந்தால் ஒரு வலை இருக்கிறது. சர்வதேசப் பதிவு ரத்தான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அந்தந்த நாட்டில் நேரடி விண்ணப்பமாக மாற்றிக்கொண்டால் பழைய தேதியே நிலைக்கும். ஆனால் அப்போது ஒவ்வொரு நாட்டிலும் வக்கீல், கட்டணம் எல்லாம் புதிதாக. எந்தச் செலவைத் தவிர்க்க மாட்ரிட் போனோமோ அதே செலவு அவசர நேரத்தில் வந்து நிற்கும்.

நண்பருடைய இரண்டு பெயர்களும் இங்கேதான் பிரிகின்றன. ஆங்கிலச் சொல் சொந்தமாக உண்டாக்கியது, இந்தியாவில் பதிவாகி வருடங்கள் ஆகிவிட்டன, தினமும் பயன்பாட்டில் இருக்கிறது. அதைக் கவிழ்ப்பது கஷ்டம். சாமி லேபிள் அப்படியல்ல. ஏற்கெனவே ஒருவர் ஆட்சேபித்திருக்கிறார். தெய்வப் பெயர்களையும் புனித நூல் பெயர்களையும் ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட விடுவதில் நீதிமன்றங்களுக்கு விருப்பம் இல்லை. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று பதிய முயன்ற வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. அந்த லேபிளை நம்பி மாட்ரிட்டில் ஆறு நாட்டைக் கட்டுவது மண்சுவரில் மாடி எழுப்புவது.

தமிழ் எழுத்து லேபிளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மாட்ரிட்டில் போகும் சின்னம் இந்தியாவில் இருப்பதன் அச்சு நகலாக இருக்க வேண்டும். தமிழில் இருந்தால் தமிழிலேயே போகும், கூடவே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்ப்பும் தர வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் படிப்பார்கள், சரி. அமெரிக்காவில் இருக்கும் அதிகாரிக்கும் வாங்குபவருக்கும் அது ஒரு கோலம். நாளைக்கு அதே சாமி பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒருவர் விற்றால், லேபிளை வைத்துத் தடுப்பது இழுபறியாகிவிடும். தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒலியை ஆங்கில எழுத்திலும் தனியாக இந்தியாவிலேயே பதிந்துவிட்டு வெளியே போவது நல்லது.

நாடுகளைத் தனித்தனியாகப் பார்த்தால்

மலேசியாவில் இப்போது கேள்வி பதிவது எப்படி என்பதே இல்லை. டீலர் போட்டதை எப்படி இறக்குவது என்பதுதான். பாரிஸ் உடன்படிக்கையில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய ஏஜெண்ட் தன் பெயரில் விண்ணப்பித்தால் உரிமையாளர் எதிர்க்கலாம், ரத்து கேட்கலாம், அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தால் தன் பெயருக்கு மாற்றவும் கேட்கலாம். சண்டை எங்கே வரும் என்றால், டீலர் என்பவர் ஏஜெண்டா, வெறும் வாடிக்கையாளரா என்பதில். நண்பரிடம் ஒப்பந்தம் என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. எல்லாம் வாட்ஸ்அப்பும் வாய்ப்பேச்சும்தான். நல்லவேளையாக ஆறு வருட இன்வாய்ஸ் இருக்கிறது. எல்லாவற்றிலும் பிராண்ட் பெயர் இருக்கிறது. "உங்க பிராண்டுக்கு ஷோரூம் போர்டு வெக்கறேன்" என்று டீலர் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. எப்படியும் அங்கே வக்கீல் வைத்தாக வேண்டும். வைத்த பிறகு நம் விண்ணப்பத்தையும் அவர் வழியாகவே போடுவதுதான் முறை. அதை மட்டும் மாட்ரிட்டில் சுற்றிக் கொண்டுவருவதில் லாபம் இல்லை.

டீலர் பெயரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்பதும் ஒரு வழிதான். நிறையப் பேர் செய்கிறார்கள். செலவு அவருடையது, அலைச்சல் அவருடையது. உறவு இனிக்கும் வரை ஒன்றும் தெரியாது. விலையை ஐந்து வெள்ளி ஏற்றும் அன்று தெரியும். அந்த நாட்டில் வேறு யாருக்கும் நீங்கள் சரக்கு கொடுக்க முடியாது; கொடுத்தால் உங்கள் சொந்தப் பெட்டியையே போலி என்று சுங்கத்தில் நிறுத்த அவருக்கு உரிமை இருக்கும். எனக்கு இந்த வழியில் ஒரு சதவீத மரியாதையும் இல்லை.

இலங்கை இதை எழுதும் நேரத்தில் மாட்ரிட்டில் இல்லை. சவூதியும் இல்லை. ஹாங்காங்குக்குச் சீனப் பதிவு செல்லாது. இவற்றில் நேரடி வழி மட்டும்தான். உறுப்பினர் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் வைப்போ தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கொழும்புக்குப் போகும் சரக்கு கொஞ்சம் என்று நண்பர் யோசித்தார். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இட்லி மாவு அரைக்கும் வீடுகள் எத்தனை என்று கேட்டேன். சேர்த்துக்கொண்டார்.

அமெரிக்காவில் ஒரு நுணுக்கம். அங்கே, பொருளை வர்ணிக்கும் பலவீனமான பெயர்களுக்கென்று துணைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. நேரடியாகப் போனவர் முதன்மைப் பதிவேட்டில் இடம் கிடைக்காவிட்டால், பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகு அதற்கு இறங்கி வரலாம். மாட்ரிட் வழியாகப் போனவருக்கு அந்த வாசல் இல்லை. எனவே 'சூப்பர் கிரைண்ட்' மாதிரிப் பெயர் என்றால் அமெரிக்காவுக்கு நேரடியே நல்லது. நண்பருடைய ஆங்கிலச் சொல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பொருள் விவரத்தை மட்டும் "மின்சாரத்தில் இயங்கும் வீட்டு உபயோக வெட் கிரைண்டர்" என்று அமெரிக்காவுக்காகக் குறுக்கி எழுதச் சொன்னேன். மாட்ரிட் படிவத்திலேயே ஒரு நாட்டுக்கு மட்டும் அப்படிக் குறுக்க இடம் உண்டு. எப்படி எழுதினாலும் கேள்வி வரும் என்று ஒரு வக்கீல் கட்டணத்தை ஒதுக்கி வைப்பதே புத்திசாலித்தனம். பதிந்த பிறகும் ஐந்தாம் ஆறாம் வருடத்துக்கு நடுவில், பெயரைப் பயன்படுத்துகிறேன் என்று உறுதிமொழி கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும்.

சீனாவை நண்பர் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. "அங்க யாருங்க நம்ம கிரைண்டர் வாங்கறாங்க?" விற்பதற்கு அல்ல. டேபிள் டாப்பின் பிளாஸ்டிக் உடலை அவர் அங்கேதான் வார்த்து எடுக்கிறார், பெயரும் அதிலேயே பதித்து வருகிறது. சீனாவில் முதலில் விண்ணப்பித்தவருக்கே பெயர். அவர்கள் சுங்கத்துறை உள்ளே வருவதை மட்டுமல்ல, வெளியே போவதையும் பார்க்கும். அந்தப் பெயரை அங்கே எவனாவது பதிந்து சுங்கத்திலும் பதிவு செய்துவிட்டால், உங்கள் பிளாஸ்டிக் உடல் துறைமுகத்திலேயே நிற்கும். சீனாவில் வகுப்புக்குள்ளே துணை வகுப்புகள் வேறு. மாட்ரிட்டில் போனால் எந்தத் துணை வகுப்பில் போடுவது என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். நேரடியாகப் போனால் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். இந்த ஒரு நாட்டுக்கு, மாட்ரிட்டில் இடம் இருந்தாலும், நான் நேரடி வழிதான் சொல்வேன்.

ஐரோப்பாவுக்கு மூன்றாவது ஒரு வழி உண்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்த டிரேட்மார்க். ஸ்பெயினின் அலிகாண்டே நகரில் இருக்கும் அலுவலகத்தில் ஒரே விண்ணப்பம், 27 நாடு. ஆன்லைனில் முதல் வகுப்புக்கு 850 யூரோ. மாட்ரிட் வழியாகவும் இதையே தேர்ந்தெடுக்கலாம். மலிவாகத்தான் தெரிகிறது. ஆனால் 27இல் ஏதோ ஒரு மூலையில் ஒருவருக்குப் பழைய உரிமை இருந்து எதிர்த்தால் 27இலும் சேர்ந்து போகும். இன்னொன்று, லண்டன் இதில் இல்லை. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் தனி. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்றும் லண்டன் தமிழ்க் கடைகள் இதில் அடங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பாரிஸிலிருந்து வெறும் விசாரணை வந்திருக்கும் நண்பருக்கு இப்போது இது வேண்டாம் என்றேன். விற்காத இடத்தில் பதிந்து வைத்தால் ஐரோப்பாவில் ஐந்து வருடம், சீனாவில் மூன்று வருடம் பயன்படுத்தாத காரணத்தைக் காட்டி யாரும் நீக்கக் கேட்கலாம்.

"நம்ம கோயம்புத்தூர் கிரைண்டருக்குத்தான் புவிசார் குறியீடு இருக்குதே, அது போதாதுங்களா?" என்று நடுவில் கேட்டார். நல்ல கேள்வி. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்பதற்குக் குறியீடு இருப்பது உண்மை. ஆனால் அது ஊருக்கான பெயர், அவருடைய பிராண்டுக்கானது அல்ல. அதுவும் இந்தியாவுக்குள்தான். புவிசார் குறியீடுகளுக்கு மாட்ரிட் போல லிஸ்பன் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது; அதில் இந்தியா இல்லை. டார்ஜீலிங் தேயிலை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011இல் பாதுகாப்பு வாங்கியதுகூடத் தனியாக விண்ணப்பித்துப் போராடித்தான்.

கடைசியில் போட்ட கணக்கு

ஆங்கிலச் சொல்லுக்கு மாட்ரிட். சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஐந்தும் அதில். பிரிட்டனைப் பிறகு சேர்க்கலாம் என்ற யோசனையை விட்டுவிட்டார். விசாரணை வந்த இடத்தில் சரக்கு சீக்கிரமே போகும் என்பது அவர் அனுபவம். மலேசியா, இலங்கை, சீனா மூன்றும் நேரடி. சாமி லேபிள் இந்தியாவைத் தாண்டக் கூடாது. வெளிநாட்டுக்குப் போகும் டேபிள் டாப்பிலும் இனி ஆங்கிலச் சொல்தான்.

எல்லாம் முடிவாகி, பதிவுச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். பீரோவைக் குடைந்து எடுத்து வந்தார். பார்த்தால், உரிமையாளர் இடத்தில் அவர் அப்பா பெயர். 2017இல் அப்பாவின் தனிநபர் நிறுவனமாக இருந்தபோது போட்டது. இன்று ஏற்றுமதி முழுவதும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பெயரில் நடக்கிறது. மாட்ரிட்டில் விண்ணப்பிப்பவரும் இந்தியப் பதிவின் உரிமையாளரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்திய அலுவலகம் சான்றே தராது. சரி, அப்பாவிடமிருந்து கம்பெனிக்கு எழுதி வாங்கி டிஎம்-பி படிவத்தில் மாற்ற வேண்டும். அப்புறம் தேதியைப் பார்த்தேன். விண்ணப்பம் 2017 மார்ச். பத்து வருடம் என்றால் 2027 மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். மாட்ரிட்டின் அந்த ஐந்து வருடத்துக்குள் சரியாக நடுவில் விழுகிறது.

"அப்ப ஜெனீவா எப்பங்க?" என்றார்.

முதலில் சென்னை கிண்டியில் இருக்கும் டிரேட்மார்க் அலுவலகத்தில் பெயர் மாற்றம். காலாவதிக்கு ஒரு வருடம் முன்பே புதுப்பிக்க இடம் உண்டு என்பதால் அந்த வாசல் திறந்த அன்றே டிஎம்-ஆர் படிவம், 9,000 ரூபாய். மலேசிய வக்கீலுக்கு இன்வாய்ஸ்களை மட்டும் இதற்குக் காத்திருக்காமல் இன்றைக்கே ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தார்.